தாடைக்கு அடியில் ஒரு ஸ்கேன்: குறட்டையைப் பற்றி அது என்ன சொல்லும்?

மருத்துவர் பதில்கள்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் அண்மையில் வந்த கடிதங்களில் பல, கையடக்க ஸ்கேன் கருவியைக் கொண்டு ஸ்லீப் ஆப்னியாவை, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் நோயைக் கண்டறிவது பற்றிக் கேட்கின்றன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கோத்தகிரி வாசகி: என் கணவருக்கு 52 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். திருமணமான நாள் முதல் குறட்டைதான். ஆனால் கடந்த ஓர் ஆண்டாகக் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுபோகிறது. மூச்சே இல்லாததுபோல் கிடந்துவிட்டு, பிறகு விக்கித்துக்கொண்டு புரண்டு படுக்கிறார். எங்கள் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில், கைப்பேசியோடு இணைத்த ஒரு சிறிய கருவியை அவர் தாடைக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, “நாக்கின் அடிப்பகுதி தடித்திருக்கிறது, ஸ்லீப் ஆப்னியா இருக்கலாம், கோயம்புத்தூர் போய் ஓர் இரவு தங்கிச் சோதனை செய்துகொள்ளுங்கள்” என்றார்கள். வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் ஸ்கேன் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். குறட்டைக்கு ஸ்கேன் எதற்கு? அதிலேயே தெரிந்துவிட்டதென்றால் கோவைக்கு எதற்குப் போக வேண்டும்?

பதில்: நோய் எது என்பதிலிருந்து தொடங்கினால் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும், அம்மா. நம் மூச்சுக்குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஆனால் அதற்கு மேலே, நாக்குக்குப் பின்னால் இருக்கும் தொண்டைப் பகுதிக்கு அப்படிப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது, சுற்றியுள்ள தசைகளின் விறைப்புத்தான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது, பக்கச் சுவர்கள் உள்ளே இழுபடுகின்றன. வழி குறுகினால் குறட்டை வருகிறது. முழுதும் அடைபட்டால் மூச்சு நிற்கிறது. குருதியில் ஆக்சிஜன் குறையத் தொடங்கியதும் மூளை தூக்கத்தைக் கலைத்துத் தசைகளை எழுப்பிவிடுகிறது. அந்த எழுச்சியைத்தான் நீங்கள் விக்கித்து எழுவதாகப் பார்க்கிறீர்கள். இவ்வாறு 10 நொடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும், நிற்காமல் வெகுவாகக் குறைந்துபோவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு எத்தனை முறை என்று கணக்கிடுவார்கள். வளர்ந்தவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது என்பது வழக்கிலுள்ள பிரிவு.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். இந்த ஸ்கேன் கருவி அனுப்பும் மீயொலி, அதாவது காதுக்குக் கேட்காத ஒலி, எலும்பை ஊடுருவாது, காற்றையும் கடக்காது. முகவாய்க்கும் தொண்டையில் இருக்கும் நாவடி எலும்புக்கும் இடையே எலும்பில்லாத ஒரு சாளரம் இருப்பது நம் நற்பேறு. அங்கே பசையைத் தடவிக் கருவியை வைத்தால் நாக்கின் தசைகள் அடுக்கடுக்காகத் தெரியும். நாக்கின் மேற்பரப்பில் காற்று தொடங்கும் இடத்தில் ஒலி திரும்பிவிடுவதால், அந்த எல்லை ஒரு வெண்கோடாக வளைந்து தெரியும். தோலிலிருந்து அந்தக் கோடு வரையுள்ள தூரத்தை அளந்தால் நாக்கு எவ்வளவு தடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கழுத்தின் பக்கவாட்டில் வைத்துத் தொண்டையின் பக்கச் சுவரையும் அளக்கலாம். ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு இந்தச் சுவர் தடித்திருப்பதை ஹாங்காங் ஆய்வாளர்கள் 2007-லேயே எழுதியிருக்கிறார்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு மூச்சை உள்ளிழுக்க முயலச் சொல்லி, அப்போது தொண்டை எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பதும் உண்டு. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை.

ஆனால் இவை எல்லாம் விழித்திருக்கும்போது எடுத்த அளவுகள். பர்லியாறு வளைவில் பகலில் நின்று சாலையின் அகலத்தை அளந்துவிட்டு, இது குறுகலான இடம், மழைக்கு மண் சரிந்தால் வண்டிகள் நின்றுவிடும் என்று சொல்லலாம். நேற்றிரவு மண் சரிந்ததா, எத்தனை முறை சரிந்தது என்பதை அந்த அளவு சொல்லாது. தூக்கத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது என்பதைத் தூங்கும்போது அளந்துதான் அறிய முடியும். இதனால்தான் கோவை.

நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கணவருக்கு அந்த ஸ்கேன் எடுக்காமலே நான் அவரை இரவுச் சோதனைக்கு அனுப்பியிருப்பேன். டொராண்டோ மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள் கொண்ட ‘ஸ்டாப்-பேங்’ என்ற பட்டியல் இன்று உலகெங்கும் புழங்குகிறது. பலத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நின்றதைப் பிறர் பார்த்திருப்பது, இரத்தக் கொதிப்பு, உடல் பருமன், 50-ஐக் கடந்த வயது, பருத்த கழுத்து, ஆண் என்ற எட்டில் மூன்று நான்கு பொருந்தினால் நடுத்தர வாய்ப்பு, ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அதிக வாய்ப்பு. உங்கள் கடிதத்திலேயே நான்கு வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று, மூச்சு நின்றதை நீங்கள் கண்ணால் பார்த்தது. எந்தக் கருவியும் முகாமில் பகல் பதினொரு மணிக்குப் பார்த்திருக்க முடியாத ஒன்று அது. மருத்துவரிடம் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள், அவரை மட்டும் அனுப்பினால் “கொஞ்சம் குறட்டை, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். முடிந்தால் அந்தக் காட்சியைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோவையில் தங்குவது கடினமென்றால், வீட்டிலேயே செய்யும் சோதனை பற்றிக் கேளுங்கள். நெஞ்சில் ஒரு பட்டை, மூக்கில் ஒரு சிறு குழாய், விரலில் ஒரு உணரி ஆகியவை கொண்ட கருவியை வாங்கி வந்து, தன் படுக்கையில் ஓர் இரவு தூங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். இதய நோயோ நுரையீரல் நோயோ இல்லாத, நடுத்தரம் அல்லது கடுமையான ஆப்னியா இருக்கும் என்று வலுவாகத் தோன்றுகிறவர்களுக்கு இது போதுமானது.

குன்னூர் வாசகர்: வாடகைக் கார் ஓட்டுகிறேன். வயது 38, எடை 64 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும்போது இரண்டு முறை ஒரு கணம் கண் அயர்ந்துவிட்டேன். பயந்துபோய், நண்பர் சொன்ன ஓரிடத்தில் தொண்டை ஸ்கேன் எடுத்தேன். “நார்மல்” என்று எழுதிக் கொடுத்தார்கள். இனிமேல் கவலை இல்லையல்லவா?

பதில்: கவலை இருக்கிறது. “தடித்திருக்கிறது” என்று எழுதிய தாளால் ஒருவருக்கு வரக்கூடிய அதிகபட்ச இழப்பு, தேவையில்லாத ஒரு கோவைப் பயணம். “நார்மல்” என்று எழுதிய தாளை நம்பி நீங்கள் இரவு சவாரி எடுத்தால், பின்னிருக்கையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும்.

தாடைக்கு அடியிலிருந்து பார்க்கும் கருவிக்கு மூக்கின் உட்புறம் தெரியாது. உள்நாக்குக்குப் பின்னாலுள்ள பகுதி நன்றாகத் தெரியாது. அடைப்பு அங்கேயும் இருக்கலாம். ஒல்லியாக இருப்பதும் காப்பாகாது: நம் ஆசிய முகங்களில் தாடை சிறியதாகவும் சற்றே பின்தள்ளியும் இருப்பவர்களுக்கு, நாக்கு இயல்பான அளவில் இருந்தாலும் அதற்கு இடம் போதாமல் பின்னால் சரியும். நாக்கின் தடிப்பு மட்டும் அளந்து எழுதிய தாளில் இது வராது. மேலும், மூளையே மூச்சு விடச் சொல்ல மறந்துபோகும் வகை ஒன்றும் உண்டு. அதற்கும் தொண்டையின் அகலத்துக்கும் தொடர்பே இல்லை.

கண் அயர்வதற்கு ஆப்னியா மட்டும்தான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. சுற்றுலாப் பருவத்தில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுச் சவாரி எடுப்பவர்களை எனக்குத் தெரியும், சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும் தூக்கம் வரவழைக்கும். ஆனால் வண்டி ஓட்டும்போது தூங்கிவிடுவது, கேள்விப் பட்டியல்களில் எத்தனை மதிப்பெண் வந்தாலும், இரவுச் சோதனைக்குத் தனியே போதுமான காரணம். அது முடியும் வரை இரவிலும் விடியற்காலையிலும் மலைப்பாதையில் ஓட்டாதீர்கள், தம்பி. சன்னலைத் திறந்துவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைத் தள்ளிப்போடும், தீர்க்காது. குளிருக்கென்று இரவில் “கொஞ்சம்” குடிக்கும் வழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தி, மூச்சு நிற்கும் நேரத்தை நீட்டிவிடும்.

கூடலூர் வாசகி: செவிலியராகப் பணிபுரிகிறேன். எங்கள் மருத்துவமனையில் கையடக்க ஸ்கேன் கருவி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு பழங்குடிக் குடியிருப்புகளுக்குச் சென்று, குறட்டை உள்ளவர்களைப் பரிசோதித்துத் தர விரும்புகிறோம். தன்னார்வலர்களும் உதவத் தயாராக இருக்கிறார்கள். ஏதேனும் தடை உண்டா?

பதில்: உங்கள் எண்ணம் நல்லது, ஆனால் இந்தியாவில் ஸ்கேன் கருவியை ஸ்டெதாஸ்கோப் போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக முடியாது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அதற்குப் பயன்படக்கூடிய ஒவ்வொரு மீயொலிக் கருவியும் குறிப்பிட்ட இடத்துக்கென்று பதிவு செய்யப்பட வேண்டும்; நீங்கள் பார்க்கப்போவது தொண்டையை மட்டும்தான் என்பதால் விலக்குக் கிடைக்காது. 2012-இல் சேர்த்த விதி கையடக்கக் கருவிகளை இன்னும் குறுக்கியது: பதிவு பெற்ற வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம், அல்லது வேறு பல மருத்துவச் சேவைகளையும் சேர்த்து வழங்கும் நடமாடும் மருத்துவ வாகனத்தின் பகுதியாகப் பயன்படுத்தலாம். தன்னார்வலர் ஒருவர் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறுவது இந்த இரண்டில் எதிலும் அடங்காது. உங்கள் மாவட்டத்தில் எப்படி அனுமதி பெறுவது என்பதை நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு, எழுத்தாகவே பதில் வாங்குங்கள். இந்தச் சட்டம் வந்த காரணத்தை அறிந்தவள் என்ற முறையில் அதன் கெடுபிடியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. தொண்டையைப் பார்க்கவரும் கருவி ஒரு கிராமத்துக்குள் நுழைந்துவிட்டால் அது தொண்டையோடு நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கழுத்தளவு எடுக்க ஒரு அளவு நாடா, இரத்த அழுத்தக் கருவி, அந்த எட்டுக் கேள்விகள் ஆகியவற்றுக்கு எந்தப் பதிவும் வேண்டாம். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பவர்களையும், மூன்று மாத்திரை சாப்பிட்டும் கொதிப்பு அடங்காதவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் அரிவாள் செல் இரத்தசோகை உள்ள குடும்பங்கள் இருப்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறேன்: அந்நோய் உள்ள குழந்தை வாய் வழியே மூச்சு விட்டுக் குறட்டையும் விட்டால், தொண்டையிலுள்ள டான்சில் சதை வளர்ந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் ஆக்சிஜன் இறங்குவது மற்ற குழந்தைகளைவிட அவர்களுக்கு அதிகத் தீங்கு செய்யும்.

கொடைக்கானல் வாசகர்: ஓய்வுபெற்ற ஆசிரியன். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பார்த்தால் 93, 94 என்று காட்டுகிறது. சென்னையில் மகன் வீட்டில் 98 காட்டியது. இது ஸ்லீப் ஆப்னியாவின் அறிகுறியா? ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உதகை அதைவிடச் சற்று மேலே, 2,240 மீட்டரில். அங்கெல்லாம் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும் என்பதால், நலமாக இருப்பவர்களுக்கும் எண் இரண்டு மூன்று குறைவாகவே காட்டும். அதோடு காலைக் குளிரில் விரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் கருவி தடுமாறும். கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அப்படியும் 90-க்குக் கீழே காட்டினால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். விழித்தபின் பார்க்கும் ஓர் எண்ணால் ஆப்னியாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது; இரவு முழுவதும் பதிவாகும் வரைபடத்தில் எண் மீண்டும் மீண்டும் இறங்கி ஏறுகிறதா என்பதுதான் செய்தி. குறட்டையோ பகல் தூக்கமோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை; அவை இல்லையென்றால் உங்களுக்கு இப்போது ஸ்கேன் வேண்டியதில்லை.

உங்கள் கடிதம் ஒரு முக்கியமான செய்தியை நினைவூட்டியதற்கு நன்றி. குருதியிலுள்ள ஆக்சிஜன் ஓர் அளவு வரை மெதுவாகவும் அதற்குக் கீழே வேகமாகவும் சரியும். மலையில் வாழ்பவர்கள் அந்தச் சரிவின் விளிம்புக்கு அருகிலேயே நிற்கிறார்கள். ஆகவே ஒரே அளவு மூச்சு நிறுத்தம், மதுரையில் ஆக்சிஜனைக் கொஞ்சம் இறக்கினால் கொடைக்கானலில் கூடுதலாக இறக்கும். சமவெளியில் வாழும் ஆப்னியா நோயாளிகளை ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துச் சென்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பார்த்தபோது, அவர்களுக்கு மூளை மூச்சு விடச் சொல்லாததால் வரும் நிறுத்தங்களும் சேர்ந்துகொண்டு நிலை மோசமானது. சுமார் 400 மீட்டர் உயரமுள்ள கோவையில் ஓரிரவு தூங்கி எடுத்த அறிக்கை அங்குள்ள காற்றுக்கு உரியது. “நான் மலையில் வசிக்கிறேன்” என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலைக்காரர்களுக்கு வீட்டுச் சோதனையை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதகை வாசகி: நீலகிரித் தைலத்தை மூக்கிலும் தொண்டையிலும் தடவிவிட்டு ஸ்கேன் எடுத்தால் வழி விரிந்து காட்டும், நோயும் குணமாகும் என்கிறார்களே?

பதில்: தைலம் மூக்கடைப்பு விலகியதுபோல் ஓர் உணர்வைத் தரும், நாக்கின் தடிப்பை ஒரு மில்லிமீட்டரும் மாற்றாது. குழந்தைகள் கையில் எட்டாமல் வையுங்கள், சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும்.

தாண்டிக்குடி வாசகர்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இளம் மருத்துவன். பதிவு பெற்ற கருவி இருக்கிறது. வெளிநாட்டுக் கட்டுரைகளில் நாக்கின் தடிப்பு இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஆப்னியா என்று எல்லை எண்கள் தருகிறார்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு மக்களைச் சலிக்கலாமா?

பதில்: அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, குறட்டைக்காக ஏற்கெனவே தூக்க மையத்தைத் தேடி வந்தவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே நோயாளிகளின் விகிதம் மிக அதிகம். காபி பறிக்கிற ஊர்மக்கள் எல்லாரையும் அதே எண்ணால் சலித்தால், நோயற்றவர்கள் பலர் உங்கள் சல்லடையில் மாட்டிக்கொள்வார்கள். எல்லை எண்களும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன; நாக்கு பல்லைத் தொடுகிறதா, தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மூச்சு வெளிவிட்ட நிலையா உள்ளிழுத்த நிலையா, கருவியை எவ்வளவு அழுத்தினோம் என்பவற்றைப் பொறுத்தும் அளவு மாறும். அழுத்தம்தான் புதியவர்களின் பெரும் பிழை. படம் தெளிவாக வரவேண்டும் என்று அழுத்துவோம், தோலடிக் கொழுப்பு நசுங்கி அளவு குறைந்துவிடும். தாராளமாகப் பசையைத் தடவி, கருவி அதில் மிதக்கிற அளவுக்கு வைத்து, ஒவ்வொருவருக்கும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். மற்றொருவரையும் தனியே அளக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். இருவர் கைக்கும் இடையே உள்ள வேறுபாடு, நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால் அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கேள்விப் பட்டியல்களையும் கணிப்புக் கருவிகளையும் மட்டும் கொண்டு, இரவுச் சோதனை இல்லாமல் ஆப்னியா என்று முடிவு செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. உங்கள் ஸ்கேனையும் அந்த வரிசையிலேயே வையுங்கள். என் பார்வையில் அதற்குரிய இடம் நடுவில்: எட்டுக் கேள்வியில் மூன்று நான்கு என்று ஊசலாடுகிறவர்களில், வத்தலக்குண்டு இறங்கி மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ முதலில் யாரை அனுப்புவது என்று வரிசைப்படுத்த அது உதவும். ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறுகிற மக்களுக்கு அந்த வரிசையே பெரிய உதவி. ஐந்தோ அதற்கு மேலோ பெற்றவரை ஸ்கேன் எப்படி இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். அனுப்பியவர்களின் இரவுச் சோதனை முடிவைத் தவறாமல் கேட்டு வாங்கி உங்கள் அளவுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் பழனி மலைக்காரர்களுக்கே உரிய எண் ஒன்று உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும்.

குன்னூர் வாசகி: அப்பாவுக்குக் கடுமையான ஆப்னியா என்று கண்டறிந்து, இரவில் காற்று செலுத்தும் சி-பாப் கருவி தந்தார்கள். ஓராண்டில் 11 கிலோ எடை குறைத்திருக்கிறார். மீண்டும் தாடை ஸ்கேன் எடுத்து நாக்கு மெலிந்திருந்தால் கருவியை நிறுத்திவிடலாமா?

பதில்: எடை குறைந்தால் நாக்கிலுள்ள கொழுப்பும் குறையும் என்பது உண்மை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் எம்.ஆர்.ஐ. படங்கள் வழியே இதைக் காட்டினார்கள். எடை குறைந்தவர்களுக்கு ஆப்னியா தணிந்ததில் நாக்குக் கொழுப்பு குறைந்ததற்கு முக்கியப் பங்கு இருந்தது. ஆகவே ஸ்கேனில் நாக்கு மெலிந்து தெரிந்தால் அப்பாவுக்குக் காட்டி மகிழ்ச்சிப்படுத்துங்கள், அவருடைய உழைப்புக்கு அந்தப் படம் நல்ல பரிசு. ஆனால் கடுமையான நிலையிலிருந்து பாதியாகக் குறைந்தாலும் அது இன்னும் குறைந்தபட்சம் நடுத்தர நோய்தான், அதைப் படம் காட்டாது. கருவியை நிறுத்துவதற்கு முன் இரவுச் சோதனையை ஒருமுறை திரும்பச் செய்யச் சொல்லுங்கள். எடை குறைந்திருப்பதால் காற்றின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கலாம், முகமூடியின் அளவும் மாறியிருக்கும். அவற்றையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.